கல் இல்லாத ஊரில் சிற்பப் படிப்பு

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். இந்தப் பழமொழிக்குக் கல்லில் செதுக்கிய நாயை வைத்து ஒரு விளக்கம் சொல்வார்கள். மேடைப் பேச்சாளர்கள் தேய்த்தெடுத்த கதை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு அந்த விளக்கம் தேவைப்படாது. இங்கே தெருநாய் துரத்தும்போது குனிந்து துழாவினால் நிஜமாகவே கல் அகப்படாது. மண்ணாங்கட்டிதான் வரும், அதுவும் கையிலேயே உதிரும்.

கல்லணைக்குக் கிழக்கே கடல் வரைக்கும் காவிரி கொண்டுவந்து பரப்பிய வண்டல் இது. நெல் விளையும், வாழை விளையும், உளுந்து விளையும். கல் விளையாது. பெரிய கோயிலுக்கான கல் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் குன்றுகளிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. 1010-ல் ராஜராஜன் அந்தக் கோயிலுக்குக் கலசம் கொடுத்தான். தேவாரம் பாடியவர்கள், தளிச்சேரிப் பெண்டுகள், நாவிதர், தையல்காரர் என்று அத்தனை பேரையும் பதிவுசெய்த அந்தக் கல்வெட்டுகளில் தலைமைத் தச்சனின் பெயரும் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அவர் எங்கே படித்தார், யாரிடம் படித்தார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. அன்றைக்கு அதைச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அப்பாவிடம் படித்திருப்பார், அப்பா தாத்தாவிடம்.

இன்றைக்கு அதே மண்ணில், நடவுக்குப் போகிற ஒரு தாயின் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, சிற்பம் படிக்க விண்ணப்பம் வாங்கலாம். வீட்டில் யாரும் உளி பிடித்திருக்க வேண்டியதில்லை. நான்கு வருடப் படிப்பு, கையில் பட்டம். ஆயிரம் ஆண்டுக் கதையில் இது எவ்வளவு புதிய செய்தி என்பதை நாம் போதுமான அளவு கவனித்த மாதிரித் தெரியவில்லை.

ஒரே சாலையில் இரண்டு பள்ளிக்கூடம்

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது அரசு கவின்கலைக் கல்லூரி. சென்னைக் கல்லூரியைப் போல இதுவும் 2013-ல் உருவான இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. ஓவியத்தோடு சிற்பமும் இங்கே பட்டப்படிப்பு. அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் சுவாமிமலை. தகப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளையின் ஊர், தெருவுக்குத் தெரு வார்ப்புப் பட்டறை. இரண்டுக்கும் நடுவில் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ஒரு பையன் இங்கே கற்பதும் அங்கே கற்பதும் ஒன்றல்ல.

கல்லூரியில் சிற்பம் பார்வையில் தொடங்கும். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் வயதானவர்; சுருக்கம் விழுந்த முகம்தான் கைக்கு நல்ல வேலை கொடுக்கும். கம்பியை வளைத்து எலும்புக்கூடு கட்டி, பலகையில் நிறுத்தி, களிமண்ணை அப்பிக்கொண்டே போகவேண்டும். கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது, காதின் அடி மூக்கின் அடிக்கு நேராக வருகிறதா, கழுத்து நரம்பு எங்கே போய் மறைகிறது என்று பார்க்கவேண்டும். ஆளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கவேண்டும். இரவு களிமண் காய்ந்து வெடிக்காமல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுப் போகவேண்டும். முடிந்ததும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுத்து சிமென்டிலோ ஃபைபரிலோ வார்ப்பார்கள்.

இந்த வழி நமக்குச் சென்னை வழியாக வந்தது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளிக்கு 1929-ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்தார். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் கை. பாறையைப் புரட்டும் அந்த நால்வரின் முதுகுத் தசையைப் பார்த்தால் போதும், பார்த்துச் செய்வது என்றால் என்ன என்று விளங்கிவிடும். அவருடைய மாணவர் எஸ். தனபால். தன் வாழ்க்கையை ‘ஒரு சிற்பியின் சுயசரிதை’ என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர். கலைக் கல்லூரியில் சேரப்போகிற எந்தப் பிள்ளைக்கும் நான் வாங்கிக்கொடுக்கிற புத்தகம் அது.

பட்டறையில் பாடம் வேறு மாதிரி. அங்கே எதிரே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒரு தென்னங்கீற்று இருக்கும். செய்யப்போகிற சிலையின் உயரத்துக்கு அதை நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார்கள். ஒடியோலை என்று பெயர். முகத்தின் நீளம் ஒரு தாளம், தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் இருக்கிற இஞ்ச் இல்லை. சிலை பெரிதானால் தானும் பெரிதாகும், சிறிதானால் சிறுக்கும். சிவனுக்கும் பெருமாளுக்கும் உத்தம தசதாளம், மொத்தம் 124 அங்குலம். அம்பாளுக்கு மத்திம தசதாளம், 120. அங்குலத்தை எட்டாக வகுத்தால் யவம். யவம் என்றால் வாற்கோதுமை மணியாம். இந்த ஊர்க்காரர்கள் சிற்ப நூலை எழுதியிருந்தால் நெல்மணி என்றே வைத்திருப்பார்கள்.

ஓலையில் அளவு வந்ததும் மெழுகு. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது. தலை, உடல், கை, கால் என்று தனித்தனியாகப் பிடித்து, சூடு காட்டி ஒட்டுவார்கள். பக்கத்தில் ஒரு பாத்திரத் தண்ணீர் இருக்கும். மெழுகு இளகும்போதெல்லாம் உருவத்தை அதில் முக்கி எடுப்பார்கள். சித்திரை வெயிலில் இந்த வேலையைச் செய்கிறவர்களுக்குத் தனிப் பொறுமை வேண்டும்.

மூன்று பூச்சு

மெழுகுச் சிலைக்கு மேல் ஏறுகிற முதல் பூச்சுதான் எனக்கு இந்தத் தொழிலிலேயே பிடித்த இடம். காவிரியில் எடுத்த வண்டல், கரித்த உமி, சாணம், மூன்றையும் சேர்த்து மை மாதிரி அரைத்து, விரலால் தடவுவார்கள். ஆபரணத்தின் ஒவ்வொரு மணிக்கு நடுவிலும் அது போய் உட்காரவேண்டும். மெழுகில் ஸ்தபதியின் கட்டைவிரல் ரேகை தப்பித்தவறிப் பதிந்திருந்தால் அதையும் இந்த மண் வாங்கி வைத்துக்கொள்ளும், பிறகு பஞ்சலோகத்துக்கு ஒப்படைத்துவிடும். அவ்வளவு நேர்த்தியான மண் எல்லா ஊர் ஆற்றிலும் வருவதில்லை. கொல்லிமலைக் காற்றும் குடகு மழையும் சேர்ந்து அரைத்து, இவ்வளவு தூரம் உருட்டிவந்து, கனமானதையெல்லாம் வழியில் இறக்கிவிட்டு, கடைசியில் கையில் மிஞ்சிய மாவை இங்கே போட்டிருக்கிறது ஆறு. கல் கொடுக்காத மண், கல்லுக்குப் பதிலாகக் கொடுத்தது இதை.

இரண்டாம் பூச்சுக்கு வயல் களிமண்ணும் மணலும். மூன்றாவது பூச்சு கரடாக, தடிமனாக. பெரிய சிலை என்றால் கம்பி கட்டி இறுக்குவார்கள். இப்போது அது பார்க்கப் பெரிய சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கும். பேர் கரு. நிழலில் காயவேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும். பிறகு வறட்டியை அடுக்கிச் சூடு காட்டினால் உள்ளே இருக்கிற மெழுகு உருகி, விட்டுவைத்த துளை வழியாக ஒழுகிவிடும். மெழுகு இருந்த இடம் வெறுமையாக நிற்கும். கருவைக் குழியில் புதைத்து, உருக்கிய உலோகத்தை மெல்லிய தாரையாக ஊற்றுவார்கள். பெரும்பங்கு செம்பு, கொஞ்சம் பித்தளை, ஈயம், சாஸ்திரத்துக்கு வெள்ளியும் பொன்னும். கெட்டியாக வார்க்கிற சிலைக்கு மெழுகின் எடையைப் போல எட்டு, ஒன்பது மடங்கு உலோகம் தேவைப்படும். அந்தக் கணக்குத் தப்பி, ஊற்றும்போது நடுவில் தீர்ந்துவிட்டால் மெழுகில் உழைத்த வாரங்கள் அத்தனையும் போச்சு. ஒரு கருவுக்கு ஒரு சிலை. உடைத்தால்தான் வெளியே வரும், உடைத்தபின் திரும்ப வராது. இந்தத் தேர்வில் அரியர் கிடையாது.

டெல்லி பாரத் மண்டபத்தில் 2023-ல் ஜி20 மாநாட்டுக்காக நிறுத்திய 27 அடி நடராஜர் இந்த முறையில்தான் சுவாமிமலையில் பிறந்தார். எடை 18 டன். தேவசேனாபதி ஸ்தபதியின் பிள்ளைகளுடைய பட்டறை வேலை. சிதம்பரம், கோனேரிராஜபுரம், தஞ்சாவூர் என்று மூன்று ஊர் நடராஜர்களைப் பார்த்து வடிவம் எடுத்தார்கள். லாரி புறப்பட்ட அன்று ஊரே கூடி வழியனுப்பியது. அந்தச் சிலைக்குப் பட்டப்படிப்பு எதுவும் தேவைப்படவில்லை என்று ஒரு பட்டறைக்காரர் என்னிடம் சொன்னார். சொன்ன வாயோடு, “என் பேரனை காலேஜில்தான் போடணும்னு இருக்கேன்” என்றார். இரண்டையும் அவர் உண்மையாகவே சொன்னார்.

குலக்கல்வி என்ற சொல்

இங்கே நாம் கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறோம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைத் தமிழ்நாடு ‘குலக்கல்வி’ என்று பேரிட்டு எதிர்த்தது. அரை நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில். அடுத்த வருடம் ராஜாஜி பதவியை விட்டு இறங்கினார். காமராஜர் வந்தார், திட்டம் போனது. அந்த எதிர்ப்பு சரி. பள்ளிக்கூட வாசலையே பார்க்காதவன் பிள்ளையை மறுபடியும் செருப்புத் தைக்க அனுப்புகிற திட்டத்தை யார் ஏற்பார்கள்? ஆனால் கோயில் சிற்பத்துக்கு மட்டும் ஆயிரம் ஆண்டுகளாக இருந்த ஒரே கல்வி அந்தக் குலக்கல்விதான் என்பதையும் மறுக்க முடியாது. தாளக் கணக்கு, தியான சுலோகம், மெழுகுப் பக்குவம் எல்லாம் விஸ்வகர்மக் குடும்பங்களின் வீட்டுக்குள் இருந்தன. வெளியாள் எட்டிப் பார்க்கலாம், உட்கார முடியாது.

அந்தக் கதவைத் திறந்தது 1957. காமராஜர் முதல்வராக இருந்த காலம். மாமல்லபுரத்தில் அரசு ஒரு சிற்பப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பொறுப்பேற்றவர் பிள்ளையார்பட்டி வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் மகன் கணபதி ஸ்தபதி 27 ஆண்டுகள் அதை நடத்தினார். பள்ளி கல்லூரியாயிற்று, கல்லிலும் சுதையிலும் மரத்திலும் உலோகத்திலும் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. கணபதி ஸ்தபதி குடும்ப வழியில் வந்தவர், கூடவே காரைக்குடியில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவர். கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலையை வைத்துத்தான் ஊருக்கு அவரைத் தெரியும். என் கணக்கில் அவர் செய்த பெரிய காரியம் ‘சிற்பச் செந்நூல்’ எழுதியது. வீட்டுச் சொத்தைப் பாடப்புத்தகமாக அச்சிட்டுப் பொதுவில் வைத்தார். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் மயமதம், காசியபம் போன்ற நூல்களைப் பதிப்பித்ததும் அதே வகைக் காரியம். பூட்டிய பெட்டியின் சாவியை நகலெடுத்துத் தெருவில் கொடுத்தார்கள்.

விவாதம் முடிந்துவிடவில்லை. 2023-ல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தை அறிவித்தது. அதில் குடும்பத் தொழில் என்கிற நிபந்தனை இருப்பதைத் தமிழ்நாடு ஆட்சேபித்து, 2025-ல் சாதி, குலம் பாராத கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அரசியல்வாதிகள் அடித்துக்கொள்ளட்டும். கவின்கலைக் கல்லூரியின் களிமண் தொட்டிக்குள் கையை விடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அவர்களில் பலருடைய அப்பாக்களுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும், நாற்றுக்கட்டு சுமக்கத் தெரியும், தாளம் என்றால் தவிலோடு சரி.

ஒரு குறையையும் சொல்லியாகவேண்டும், எந்தக் கல்லூரி என்று சொல்லாமல். பாடத்திட்டத்தில் உலோக வார்ப்பு என்று அச்சிட்டிருக்கும். நான்கு வருடத்தில் ஒரு மாணவன் தன் கையால் ஊற்றிய கரு ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டால், “டெமோ பார்த்தோம் சார்” என்பான். செம்பு விற்கிற விலையில் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. பட்டறைப் பையன் பதினைந்து வயதுக்குள் நூறு கருவுக்கு மண் பூசியிருப்பான். அவனுக்குத் தெரியாதது வேறு: தான் செய்கிற சிலையில் ஒரு விரலை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்கத் தெரியாது. கேட்டால் திட்டு விழும்.

இரண்டையும் ஒரு உடம்பில் சுமந்தவர்கள் சிலர் உண்டு. வித்யாசங்கர் ஸ்தபதி அப்படி ஒருவர். ஸ்தபதிக் குடும்பத்தில் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொன்னவர். அவருடைய உலோகச் சிற்பங்களில் கோயில் கவசத்தின் வாசனை அடிக்கும், ஆனால் எந்தக் கோயிலிலும் அதை வைக்க முடியாது. ஓவியர் வீர சந்தானம் இன்னொரு திசை. உப்பிலியப்பன் கோயில் ஊர்க்காரர், கும்பகோணத்தில் படித்தவர். 2013-ல் தஞ்சாவூரை அடுத்த விளாரில் எழுந்த முள்ளிவாய்க்கால் முற்றத்தின் கற்சிற்பங்களுக்கு அவர் வரைந்த கோடுகள்தான் ஆதாரம். பிரகாரம் சுற்றிக் கற்ற கோட்டை ஒரு இனத்தின் துக்கத்துக்குப் பயன்படுத்தினார்.

பார்த்துச் செய்வதற்கும் அளந்து செய்வதற்கும் சண்டை என்று நினைக்கிறவர்களுக்கு ரோதின் கதையைச் சொல்வேன். பாரிஸின் பெரிய கலைப்பள்ளி அவரை நுழைவுத் தேர்வில் மூன்று முறை தள்ளிவிட்டது. பின்னாளில் உலகமே கொண்டாடிய அந்தச் சிற்பி, 1913-ல், சென்னை அருங்காட்சியகத்து நடராஜரின் புகைப்படங்களை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்து நாலு வருடம் கழித்து 1921-ல் அது அச்சானது. ஆயுள் முழுக்கப் பார்த்துச் செய்தவர், ஓலையில் அளந்து செய்ததன் முன்னால் அசந்து நின்றார்.

மண் சொன்ன சாட்சி

தஞ்சாவூரில் சிற்பத்தை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசை, நாடகத்தோடு சிற்பத்துக்கும் ஒரு துறை உண்டு. அங்கே ஆராய்ச்சி. நூலகக் கட்டடத்தை வடிவமைத்தவரே கணபதி ஸ்தபதி என்பதால், சிற்ப மாணவர் படிக்கப் போகிற இடமும் ஒரு பாடம்தான்.

ஆராய்ச்சி செய்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கிற மாமாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பத்தூர் வழக்கு. 1976-ல் கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம் பத்தூரில் மாட்டுக்கொட்டகைக்காக மண் தோண்டிய கூலித்தொழிலாளியின் மண்வெட்டியில் நடராஜர் தட்டுப்பட்டார். கைமாறி கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தவரை 1982-ல் அங்கே போலீஸ் பிடித்தது. வழக்கில் பத்தூர்க் கோயிலின் சிவலிங்கமே வாதியாக நின்றது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். பத்தூரில் கிடைத்த மற்றச் சிலைகளோடு பாணியை ஒப்பிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. சிலைமேல் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும்கூட ஒப்பிட்டார்கள். 1988-ல் தீர்ப்பு சாதகம், 1991-ல் நடராஜர் நாடு திரும்பினார். கருவாக இருந்து அவரைப் பெற்ற டெல்டா மண், லண்டன் கோர்ட்டில் கூண்டேறி இது என் பிள்ளை என்றது.

கண்ணைப் பழக்குவதற்கு இந்த ஊரைவிட நல்ல வகுப்பறை கிடையாது. கும்பகோணம் நாகேசுவரன் கோயில் கோட்டங்களில் நிற்கிற பெண்களை ஒரு முழு நாள் உட்கார்ந்து வரையலாம். புள்ளமங்கையில் உள்ளங்கை அளவுச் சிற்பத்தில் ஒரு போரே நடக்கும். பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களில் 81 மட்டும் செதுக்கி, மிச்சம் 27 கற்களை வெறுமனே விட்டிருக்கிறார்கள். அங்கே எல்லோரையும் விடுவதில்லை. விட்டால், மாணவர்களை நான் அந்த 27 கல்லுக்கு முன்னால்தான் முதலில் உட்காரவைப்பேன்.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார். 1011-ஐ ஒட்டிய வார்ப்பு. சடையைப் பாம்பால் சுற்றித் தலைப்பாகை கட்டியிருக்கிறார். காலை மாற்றிப் போட்டு, வலது கையை மடக்கி, காளையின்மேல் சாய்ந்து நிற்கிறார். காளை இல்லை. எங்கேயோ எப்போதோ போய்விட்டது. ஆனால் அந்த முழங்கை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு பாரத்தோடு இறங்கியிருக்கிறதோ, அதை வைத்துக் காளையின் திமிலை அளந்துவிடலாம். ஒரு மாணவி நோட்டில் அவரை வரைந்துவிட்டு, கைக்குக் கீழே புள்ளிக் கோட்டில் காளையையும் போட்டிருந்தாள். வாத்தியார் சொன்னாரா என்று கேட்டேன். “இல்லீங்க சார். கை சும்மா நிக்கிற மாதிரி இருந்துச்சு.”

வேலை? கேள்வி வந்துவிடும், தவிர்க்க முடியாது. அறநிலையத் துறையில் ஸ்தபதிப் பணியிடங்கள் உண்டு, விரல்விட்டு எண்ணலாம். 2012-ல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. படித்து முடித்த பலர் அதில் போய்ச் சேர்ந்தார்கள். சிலர் சினிமா செட், சிலர் கல்யாண மண்டபத்து ஃபைபர் யானை, சிலர் தலைவர் சிலைகள். தலைவர் சிலைக்குத் தேர்தலுக்குத் தேர்தல் மவுசு கூடும். ராஜகோபுரச் சுதை வேலைக்குக் கும்பாபிஷேகம்தோறும் ஆள் தேவை. அந்த வேலைக்குப் பட்டதாரிகள் வருகிறார்கள், சாரத்தில் ஏறி நிற்கப் பழகிக்கொண்டால் நிலைக்கிறார்கள்.

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால், கொஞ்ச நாளில் தண்ணீர் சுவாமிமலைப் பக்கம் எட்டிவிடும். மண் எடுக்கிறவர்கள் அதற்குள் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். நான் போனது வைகாசிக் காலை. ஆற்றுக்குள் இரண்டு பேர் குனிந்திருந்தார்கள். ஒருவர் பட்டறைக்காரப் பெரியவர், சிமென்டுச் சாக்கோடு. இன்னொருத்தி அந்தப் புள்ளிக் காளைக்காரி, கையில் மஞ்சப்பை. அவள் எடுத்த உருண்டையைப் பெரியவர் வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

“இது ரெண்டாம் பூச்சுக்குத்தான் ஆகும் பாப்பா. நறநறங்குது பாரு.”

“மொதப் பூச்சுக்கு எங்கய்யா எடுக்கறது?”

அவர் தாடையால் காட்டினார். கோரைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் கடைசியாக வற்றிய குழி. மேல்மண் பிளந்து ஓடுஓடாகச் சுருண்டு கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தாள்.